கூலி கேளாக் குறளிகள்

கற்பனைக் கதைகளுக்கு வர்க்கச் சார்பு கிடையாது என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் பலர் உளர். நாவலையும் சிறுகதையையும் சமுதாயக் கண்கொண்டு நோக்க உடன்படுவோர்கூட, பூதமும் தேவதையும் உலவும் குழந்தைக் கதை என்று வந்ததும், “அது விளையாட்டுத்தானே, அதிலே என்ன ஆராய்ச்சி?” என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால் மனிதன் இல்லாததைக் கற்பனை செய்யும்போதும் தான் வாழும் வாழ்விலிருந்தே செய்கிறான். நிலவுடைமையாளன் காணும் பூதம் ஒரு விதமாகவும், அவன் வயலில் உழைப்பவன் காணும் பூதம் வேறு விதமாகவும் இருப்பது இதனாலேதான். வீட்டு வேலைக்கு உதவும் சின்னஞ்சிறு பூதம் என்னும் ஒரே கற்பனையை எடுத்துக்கொண்டு, அது எவரெவர் வாயில் எவ்வெவ்வாறு மாறியது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மலையகத்திலிருந்து எழுதும் எனக்கு இப்பொருள் தொலைதூரத்துப் பொருளன்று. பல்மோரல், டன்கெல்ட், ஹோலிரூட், எடின்பரோ, ஸ்ட்ரத்ஸ்பே என்று நம் தோட்டங்களின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனால் ஸ்கொட்லாந்தின் தேசப்படத்தையே வாசித்தது போலாகும். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டுப் பெருந்தொழிலுக்கு அடிகோலிய ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரரே. துரைமார் தம் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து நம் மலைகளுக்கு இட்டனர். அவர்களுடைய பாட்டிமார் சொன்ன கதைகளோ இன்று அச்சுப் புத்தகமாகவும் திரைப்படமாகவும் நம் மாணவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே அக்கதைகளை விசாரிக்கும் உரிமை நமக்கு உண்டு.

ஸ்கொட்லாந்தின் தாழ்நிலப் பகுதியிலும் இங்கிலாந்தின் வடபுலத்திலும் வழங்கிய வீட்டுப் பூதத்தின் பெயர் ‘பிரௌனி’. உடலெங்கும் பழுப்பு மயிர் அடர்ந்த, கந்தல் உடுத்த குள்ள மனிதன் அது. பகலெல்லாம் எங்கோ ஒரு மூலையில் மறைந்து கிடக்கும். வீட்டார் உறங்கியபின் வெளியே வந்து கதிரடிக்கும், வெண்ணெய் கடையும், வீடு கூட்டும், பாத்திரம் கழுவும். இதற்குப் பிரதியாக அடுப்படியில் ஒரு கிண்ணம் பாலாடையோ தேன் தடவிய அப்பமோ வைக்கவேண்டும். அதையும் கூலி என்று சொல்லிவிடக் கூடாது. தற்செயலாக விட்டுவைத்தது போல வைக்கவேண்டும். கெல்டிய மொழி பேசிய ஏனைய நாடுகளிலும் இதன் உறவினர் உண்டு. வேல்ஸ் நாட்டில் ‘பூபாக்’ என்றும், மான் தீவில் ‘ஃபெனோடரி’ என்றும் சொல்வர். ஸ்கொட்லாந்து மலைப் பகுதியில் மாடுகளைக் காக்கும் ‘குரூகாக்’ என்னும் பூதத்துக்குக் கல்லின்மீது பால் ஊற்றும் வழக்கம் இருந்தது.

இக்கதைகளில் ஓர் உறுப்பு எவரையும் திகைக்க வைப்பது. பிரௌனியின் கந்தலைக் கண்டு இரங்கி எவரேனும் அதற்குப் புத்தாடை தைத்து வைத்தால், அது அதனை உடுத்துக்கொண்டு அன்றிரவே வீட்டைவிட்டுப் போய்விடும். பின் ஒருநாளும் திரும்பாது. ஏன் போகிறது என்பதற்கு ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு காரணம் சொல்கிறது. ஆடை கிடைத்ததால் அதன் அடிமைக்காலம் தீர்ந்தது என்பது ஒன்று. கூலி கொடுத்து அவமதித்ததால் கோபித்துப் போயிற்று என்பது இன்னொன்று. லிங்கன்ஷயரில் வழங்கிய கதை எல்லாவற்றிலும் சுவையானது. அங்கே ஒரு பண்ணைவீட்டுப் பூதத்துக்கு ஆண்டுதோறும் நல்ல லினன் சட்டை ஒன்று வைக்கப்பட்டு வந்தது. கருமியான எசமானன் ஒருவன் அதற்குப் பதிலாக முரட்டுச் சணல் சட்டையை வைத்தான். வழக்கமான துணியைக் கொடுத்திருந்தால் இன்னும் பல்லாண்டு உழைத்திருப்பேன் என்று பாடிவிட்டு அந்தப் பூதம் வெளியேறிற்று. உடன்பாட்டை மீறிய முதலாளியிடம் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியின் குரல் இதிலே கேட்கவில்லையா?

இக்கதைகள் பண்ணை ஆட்களின் அடுப்படியில் பேணப்பட்டவை என்று கொண்டால் இவ்வுறுப்பின் பொருள் விளங்கும். அக்காலத்து ஸ்கொட்லாந்துப் பண்ணைகளில் வேலையாட்கள் தவணை பேசி அமர்ந்தனர். எசமானன் இடத்திலேயே தங்கினர். ஊதியத்தில் ஒரு பகுதியை ஓட்ஸ் மாவாகவும் பாலாகவும் பெற்றனர். தவணை முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு பண்ணை தேடிப் போகும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பிரௌனியின் பால் கிண்ணமும் அதன் ரோஷமும் அதன் வெளியேற்றமும் இந்த வாழ்விலிருந்து பிறந்தவை எனலாம். தான் செய்து மாளாத வேலையை எவனோ இரவில் வந்து செய்து தரமாட்டானா என்னும் ஏக்கமும், அவமானம் நேர்ந்தால் எழுந்து போய்விடவேண்டும் என்னும் மானமும் ஒரே உருவத்தில் சேர்ந்திருக்கின்றன.

இதே உருவம் எசமானரின் பார்வைக்கு வேறு விதமாகத் தெரிந்தது. 1645இல் அச்சேறிய மில்டனின் கவிதை ஒன்றில், பத்துக் கூலியாட்கள் ஒரு பகலில் முடிக்க முடியாத கதிரடிப்பை ஓரிரவில் ஒரு கிண்ணப் பாலாடைக்காகச் செய்து முடிக்கும் பூதம் வருகிறது. கணக்கை நோக்குங்கள். பத்துப் பேரின் நாட்கூலிக்கு ஒரு கிண்ணம்! கவிஞர் இதனை நாட்டார் நம்பிக்கையாகவே இனிமையுடன் சொல்லிச் செல்கிறார். ஆயினும் கதிரடிப்பவர் பத்துப் பேரின் நிலை என்னாயிற்று என்று கேட்க அந்தக் கவிதையில் இடமில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் உழைப்பாளர் நடுவிலிருந்து வந்த ஓர் எழுத்தாளர். எட்ரிக் என்னும் ஊரில் ஆடு மேய்த்து, பின் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் உயர்ந்த ஜேம்ஸ் ஹொக், 1818இல் ‘பொட்ஸ்பெக்கின் பிரௌனி’ என்னும் கதையை வெளியிட்டார். கதை நிகழும் காலம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அரசன் விதித்த திருச்சபை ஒழுங்கை ஏற்க மறுத்த எளிய மக்களைக் குதிரைப்படை வேட்டையாடிக்கொண்டிருக்கிறது. ஒரு பண்ணையைச் சுற்றிப் பிரௌனி நடமாடுவதாக ஊர் நடுங்குகிறது. பண்ணையாரின் மகள் கதரினே அப்பூதத்தோடு உறவாடுகிறாள் என்ற பழியும் எழுகிறது. முடிவிலே உண்மை வெளியாகிறது. அங்கே பூதமும் இல்லை, பேயும் இல்லை. குகைகளில் ஒளிந்திருந்த, காயப்பட்டு உருக்குலைந்த மனிதர்களே அங்கே இருந்தவர்கள். கதரின் அவர்களுக்கு உணவளித்துக் காத்துவந்தாள். ஊரார் பூதம் என்று அஞ்சிய தலைவனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, கொள்கை உண்டு.

ஹொக் செய்த இந்தக் காரியம் இலக்கிய வரலாற்றில் பெரிதும் மதிக்கத்தக்கது. பூதத்தின் முகமூடியை நீக்கி உள்ளே இருந்த மனிதனைக் காட்டினார். மாயக் கதையின் சுவையைக் கெடுக்காமலே மாயத்தின் வேரைக் காட்டினார். யதார்த்தவாதம் என்பது பூதங்களைத் துரத்துவதன்று, பூதங்களுக்குப் பின்னால் நிற்போரைக் காண்பது என்பதற்கு இந்நூல் நல்ல சான்று.

ஆனால் பின்வந்த காலம் ஹொக்கின் வழியே செல்லவில்லை. 1865இல் ஜூலியானா யூவிங் என்னும் அம்மையார் ‘பிரௌனிகள்’ என்னும் சிறுவர் கதையை எழுதினார். ஏழைத் தையற்காரன் ஒருவனின் புதல்வர் இருவர் வீட்டு வேலை செய்ய மனமின்றி இருக்க, அவர்களில் ஒருவன் உதவிப் பூதத்தைத் தேடிப் போகிறான். கிழ ஆந்தை ஒன்று, பிள்ளைகளாகிய நீங்களே அந்தப் பிரௌனிகள் என்று உணர்த்துகிறது. அதுமுதல் அவர்கள் விடியுமுன் எழுந்து ரகசியமாக வேலைகளைச் செய்கின்றனர். பின்னாளில் பெண் சாரணீயத்தின் சின்னஞ்சிறு பிரிவினருக்குப் ‘பிரௌனி’ என்ற பெயர் அமைந்தது இக்கதையிலிருந்துதான். பெற்றோருக்குப் பிள்ளைகள் உதவவேண்டும் என்பது நல்ல பாடமே. அதனை யான் குறைகூறவில்லை. கதையிலிருந்து எது மறைந்துவிட்டது என்பதையே கேட்கிறேன். பழைய பிரௌனியின் ரோஷம் மறைந்துவிட்டது. அது எழுந்து போகும் காட்சி மறைந்துவிட்டது. கேளாமல் செய், காணாமல் செய், மகிழ்ந்து செய் என்னும் போதனை மட்டும் எஞ்சியது. விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்க இல்லங்களுக்கு இத்தகைய பூதமே வேண்டியிருந்தது.

யூவிங் அம்மையாரின் கதை வெளிவந்து இரண்டு ஆண்டுகளில் லூல்கந்துரையில் தேயிலை நடப்பட்டது. அதற்கும் முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் கண்டிச் சீமைக்குக் கூட்டங்கூட்டமாக வரத்தொடங்கியிருந்தனர். மலைமுகட்டில் துரை பங்களா, சரிவில் லயம். விடியலில் துரை கண்விழிக்கும்போது கணப்பில் நெருப்பு எரியும், சுடுநீர் ஆயத்தமாக இருக்கும், சப்பாத்து மின்னும், மேசையில் தேநீர் ஆவி விடும். அவற்றைச் செய்த கைகள் அந்நேரம் பின்கட்டில் மறைந்துவிடும். பாட்டி சொன்ன கதையில் வந்த பிரௌனி ஏழாயிரம் மைல் தாண்டி வந்து அவருக்காகக் காத்திருந்தது போல் இருந்திருக்கும்!

ஓர் இடத்தில் மட்டும் கதையும் தோட்டமும் நேரெதிராக நின்றன. பிரௌனிக்கு ஆடை கொடுத்தால் அதற்கு விடுதலை. தோட்டத்துக்கு வந்த தொழிலாளிக்கும் ஆடை கொடுக்கப்பட்டது. மலைக் குளிருக்குக் கறுப்புக் கம்பளி, அதனோடு அரிசி. அவற்றின் விலை அவன் கணக்கில் பற்றாக எழுதப்பட்டது. வழிச்செலவும் முன்பணமும் கம்பளியும் அரிசியும் சேர்ந்து கடனாயின. அக்கடனைக் குறிக்கும் ‘துண்டு’ என்னும் சீட்டு, அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் பத்திரமாயிற்று. 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை இந்நிலை நீடித்தது. கந்தலோடு வந்த பூதம் ஆடை பெற்றுப் பறந்தது. கந்தலோடு வந்த மனிதன் கம்பளி பெற்றுக் கட்டுண்டான். கற்பனைக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

எட்டாம் வகுப்பில் ஒருமுறை இந்தப் பிரௌனிக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கேட்டனர். கதை முடிந்ததும் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “அதுக்குப் பேர் போடுவாங்களா, சேர்?” என்று கேட்டாள். தோட்டத்து வழக்கை அறியாதார்க்கு இதன் பொருள் விளங்காது. ‘பேர்’ என்பது இங்கே ஒருநாட் சம்பளம். கணக்குப் புத்தகத்தில் பெயருக்கு நேரே வேலை பதிவதனால் வந்த சொல். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. அம்மாணவிக்கு வேலை என்றால் பேர் இருக்கவேண்டும். பேர் இல்லாத வேலை இருக்கமுடியாது. பிரௌனியின் உட்பொருளைப் பல பக்கங்களில் ஆராய்ந்தோரும் கேளாத கேள்வி அது. உண்மையில் பிரௌனிக்கு இரண்டு பேரும் கிடையாது. அது இனப்பெயராலேயே அழைக்கப்படுவது பெரும்பான்மை. கூலியோ அதற்கு விலக்கு.

நம் மரபிலும் இத்தகைய சிறு பூதம் உண்டு, குறளி என்போம். ஏவியதைச் செய்யும், சொன்ன பொருளைக் கொண்டுவரும் என்பது நம்பிக்கை. ‘குறள்’ என்னும் சொல் பழைய இலக்கியத்தில் குள்ளமான மனிதரையும் குறித்தது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கோப்பெருந்தேவியைச் சூழ்ந்து கூனரும் குறளரும் ஊமரும் பணிபுரிவோராய்ச் செல்வதைக் காண்கிறோம். உடற்குறையுடைய ஏழை மக்களை அந்தப்புரக் குற்றேவலுக்கு வைத்திருந்த அரசமுறை அது. அரண்மனையில் குறள் என்பது ஏவல் செய்யும் மனிதன். மந்திரவாதியிடம் குறளி என்பது ஏவல் செய்யும் பூதம். சொல்லின் வரலாறு எவ்வாறாயினும், இரண்டு நிலையிலும் அதற்கு வாய்த்தது ஏவல் ஒன்றே.

ஏவுவோனின் அச்சமும் நம் கதைகளில் பதிந்திருக்கிறது. வேலை கொடுக்காவிட்டால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டும் பூதத்துக்கு நாய்வாலை நிமிர்த்தும் வேலையைக் கொடுத்துத் தப்பியவன் கதையை அறியாதவர் யார்? ஓயாமல் உழைக்கும் ஆள் வேண்டும் என்னும் ஆசைக்கும், அவன் ஓய்ந்திருந்து யோசித்தால் தனக்கு ஆபத்து என்னும் பயத்துக்கும் பிறந்த பிள்ளை அக்கதை.

இனி, உழைப்போர் தாமே படைத்த தெய்வங்களைப் பார்ப்போம். தேயிலைத் தொழிற்சாலையை நம்மவர் ‘ஸ்டோர்’ என்பர். அதன் பெருஞ்சக்கரத்தை ‘ரோதை’ என்பர். ரோதையைக் காக்கும் தெய்வம் ரோதைமுனி. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் மலையிலே கத்திகளை வைத்துப் படையலிடுவது கவ்வாத்துச்சாமிக்கு. கிராமத்திலிருந்து வந்த மக்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் கொண்டுவந்ததோடு நில்லாமல், இங்கே கண்ட புதிய தொழிலுக்குப் புதிய தெய்வங்களையும் ஆக்கிக்கொண்டனர். யந்திரமும் கவ்வாத்துக் கத்தியும் கையையும் விரலையும் கொள்ளும் ஆபத்து உடையவை அன்றோ?

இத்தெய்வங்களில் ஒன்றுகூட வேலைக்காரப் பூதம் அன்று. ரோதைமுனி எவருக்கும் தேயிலை அரைத்துக் கொடுப்பதில்லை. கவ்வாத்துச்சாமி இரவோடிரவாக ஒரு மலையை வெட்டித் தருவதில்லை. வேலையை மனிதனே செய்கிறான்; தெய்வம் அவன் கையும் காலும் சேதமின்றி லயத்துக்குத் திரும்பக் காவல் நிற்கிறது. இங்கேதான் இரு கற்பனைகளின் வேறுபாடு புலனாகிறது. வேலை வாங்குவோன் கற்பனையில் பூதம் உழைக்கிறது. வேலை செய்வோன் கற்பனையில் அது காக்கிறது.

இதனைச் சொல்வதால் முனி வழிபாட்டைப் போற்றிப் பாட முற்படுகிறேன் என்று எவரும் கொள்ளவேண்டாம். யந்திரத்துக்குத் தடுப்பு வேலி போடவேண்டிய கடமை நிர்வாகத்துடையது. விபத்து நேர்ந்தால் முனியின் கோபம் என்று சொல்லிவிட்டால் அக்கடமையைக் கேட்பார் இல்லாமற் போகும். படையலுக்கு ஒரு கோழி, வேலி அமைக்கும் செலவைவிட எப்போதும் மலிவானது. ஆகவே இந்நம்பிக்கையில் தொழிலாளியின் அறிவும் உண்டு, அவனை மயக்கும் கூறும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காண்பதே விமர்சகன் பணி.

இக்காலத்துக்கு வருவோம். நம் மாணவர் பலர் அறிந்த ஹரி பொட்டர் கதைகளில் ஜே. கே. ரௌலிங் பழைய பிரௌனியை வீட்டுக் குறளியாக மீண்டும் உலவவிட்டார். 1998இல் வந்த இரண்டாம் நூலில் டொபி என்னும் குறளி தலையணை உறை ஒன்றையே உடுத்து வருகிறது. ஒரு காலுறையைப் பெற்று விடுதலை அடைகிறது. 2000இல் வந்த நான்காம் நூலில், பள்ளியின் சமையலறையில் நூற்றுக்கு மேற்பட்ட குறளிகள் கூலியின்றி உழைப்பது தெரியவருகிறது. ஹெர்மயனி என்னும் மாணவி அவற்றின் உரிமைக்காகச் சங்கம் அமைக்கிறாள். இவ்வினாவைப் பிள்ளைகள் படிக்கும் நூலில் எழுப்பியதற்காக ஆசிரியரைப் பாராட்டவேண்டும். ஆயின் அவர் அதனை எப்படி நடத்தினார்? ஹெர்மயனியின் சங்கம் நகைப்புக்கு இடமாகிறது. ஏனைய குறளிகள் கூலி என்ற சொல்லையே வெறுக்கின்றன. விடுதலை பெற்ற டொபிக்குத் தலைமையாசிரியர் வாரத்துக்குப் பத்துப் பொற்காசும் வாரவிடுமுறையும் தர முன்வர, டொபியோ பேரம் பேசி அதனை ஒரு பொற்காசாகவும் மாதத்துக்கு ஒருநாள் ஓய்வாகவும் குறைத்துக்கொள்கிறது!

அடிமைப்பட்டோர் சிலர் தம் அடிமைத்தனத்தையே விரும்பும்படி ஆக்கப்படுவது உண்மை. அதைக் காட்டுவது குற்றமன்று. ஓர் இனம் முழுவதுமே பிறவியில் அப்படித்தான் என்று காட்டுவதே குற்றம். ‘அவர்களுக்கு அது போதும், அதிகம் கொடுத்தால் கெட்டுப்போவார்கள்’ என்னும் வாசகம் மலையகத்துக்குப் புதிதன்று. நாட்சம்பளமாக 1000 ரூபாய் கேட்டுப் பல ஆண்டுகள் போராடி, 2021இல் அது வர்த்தமானியில் ஏறும்வரை, அவ்வாசகத்தின் பல வடிவங்களை நம் மக்கள் கேட்டனர். கூலியைக் கேட்டுப் போராடுவோர் பிள்ளைகளின் கையில், கூலியைக் குறைக்கக் கேட்டுப் பேரம் பேசும் பாத்திரத்தைக் கொடுக்கும்போது, ஆசிரியராகிய நாம் வாளாவிருத்தல் தகாது.

பிரௌனியின் இன்னொரு தன்மையும் நமக்குப் பழக்கமானதே. வீட்டுக்கு அது உழைக்கும். வீட்டாரில் ஒருவராக எண்ணப்படாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை இவ்வாறே ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மக்களை எண்ணி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை நாடற்றோர் பிரச்சினை நீடித்தது. ஆனாலும் லயத்திலிருந்து கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போவது நின்றுவிடவில்லை. 2021 ஜூலையில், வீட்டு வேலைக்குச் சென்ற 16 வயதுடைய மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு கொழும்பு மருத்துவமனையில் உயிர்நீத்தாள். நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கி நீதி கேட்டனர். ஊர் விழிக்குமுன் எழுந்து, ஊர் உறங்கியபின் படுத்து, சமையலறை மூலையில் வாழும் சின்னஞ்சிறு உருவம் கெல்டியக் கதைகளில் மட்டும் இல்லை.

எனவே பிள்ளைகளிடமிருந்து பூதக் கதைகளைப் பறித்துவிடுவோம் என்று யான் சொல்லவில்லை. கற்பனை அற்ற குழந்தைப் பருவம் வறண்ட பருவம். சொல்லும் கதையை முழுமையாகச் சொல்லுவோம். பிரௌனி பால் குடித்ததைச் சொல்லும் நாம், முரட்டுத் துணி கொடுத்த கருமியைவிட்டு அது வெளியேறியதையும் சொல்லுவோம். யூவிங்கோடு ஹொக்கையும் சேர்த்து அறிமுகஞ்செய்வோம். மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியைத் தொடர்ந்து, ரோதைமுனியையும் கவ்வாத்துச்சாமியையும் பற்றி முதியோர் சொல்வனவற்றை மாணவரைக் கொண்டே எழுதுவிப்போம். நம் எழுத்தாளர் அவற்றிலிருந்து சிறுவர் இலக்கியம் படைக்கட்டும்.

அப்படைப்புகளில் பூதங்கள் வரட்டும், இரவில் உழைக்கட்டும், வியப்பும் சிரிப்பும் விளைக்கட்டும். ஆனால் எந்த வேலையும் தானாக நடந்துவிட்டது போலத் தோன்றவேண்டாம். கதிரடித்தது யார், கணப்பு மூட்டியது யார், கொழுந்து பறித்தது யார் என்று வாசிக்கும் பிள்ளை கேட்கவேண்டும். கேட்டால், ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு பேர் எழுதப்பட்டிருக்கவேண்டும்.